அழைப்பும் அனுமதிச் சீட்டும்





மிஷன் மருத்துவமனைகளுக்காக ஜெபித்தும் கொடுத்தும் வருகிற சபையாரின் உள்ளத்தில் நியாயமான கேள்வி ஒன்று எழுவதுண்டு. "வெளிநாட்டில் ஒரு டாக்டர் வருவதற்கு ஆயத்தமாக இருக்கிறார். அவருடைய சபையும் அனுப்பச் சம்மதித்துவிட்டது. விமான டிக்கெட்டுக்குப் பணமும் சேர்ந்துவிட்டது. பின் ஏன் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்? சுற்றுலா விசாவில் வந்து நான்கு வாரம் நோயாளிகளைப் பார்த்துவிட்டுப் போனால் என்ன?" இங்கிருந்து நேபாளத்துக்கோ ஆப்பிரிக்காவுக்கோ ஊழியத்துக்குப் புறப்படும் நம் வாலிபர்களின் பெற்றோரும் இதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்.

அழைப்பு கர்த்தரிடமிருந்து வருகிறது. ஒரு நாட்டுக்குள் நுழையும் அனுமதியோ அந்தந்த அரசாங்கத்தின் கையில் இருக்கிறது. இரண்டும் ஒரே நாளில் கிடைப்பதில்லை. அப்போஸ்தலனாகிய பவுலும் ஆசியாவுக்குப் போக நினைத்துத் தடைபட்டு, மக்கெதோனியாவுக்குத் திரும்பியவர்தான். பிலிப்பியிலும் எருசலேமிலும் தம்முடைய ரோமக் குடியுரிமையை எடுத்துச் சொல்லவும் அவர் தயங்கவில்லை. நம்முடைய கடற்கரையில் நடந்த மிஷன் வரலாற்றைப் பார்த்தால், அனுமதிச் சீட்டுக்காகக் காத்திருப்பது இன்று நேற்று வந்த தொல்லை அல்ல என்பது விளங்கும். அந்தக் காத்திருப்பினால் ஊழியம் எந்த வடிவம் பெற்றது என்பதும் விளங்கும்.

ராஜாவின் கடிதம் இருந்தும்

1706ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் தேதி தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்கு ஐயர் ஜெர்மனியில் பிறந்தவர். டென்மார்க்கின் ராஜா நான்காம் பிரெடரிக் அவரையும் புளுட்சோ ஐயரையும் அனுப்பினார். ராஜாவே அனுப்பிய ஆள் என்றாலும், தரங்கம்பாடிக் கோட்டையில் இருந்த டேனிஷ் அதிகாரிக்கு அவர்கள் வந்தது பிடிக்கவில்லை. 1708இல் சீகன்பால்கு ஐயர் நான்கு மாதம் சிறையில் இருந்தார். தரங்கம்பாடியின் எல்லையைத் தாண்டினால் அது தஞ்சை மன்னரின் நாடு. அங்கே செல்ல டேனிஷ் ராஜாவின் கடிதம் உதவாது. 1709இல் தஞ்சை நாட்டுக்குள் போக முயன்ற அவர் பாதி வழியிலே திரும்ப வேண்டியதாயிற்று. மேலிடத்து உத்தரவு ஒன்று, வாசலில் நிற்கும் அதிகாரியின் மனம் வேறொன்று என்பதை அன்றே அவர்கள் கண்டார்கள்.

நம் பக்கத்து ஊராகிய கடலூரிலும் இதுவே நடந்தது. 1740 முதல் அங்கே ஊழியம் செய்த சுவீடன் நாட்டு கீர்னாண்டர் ஐயர், ஆங்கிலேயரின் ஆட்சிக்குள் இருந்தவர். 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி கடலூரைப் பிடித்தபோது, பதினெட்டு ஆண்டு உழைத்த இடத்தை விட்டு அவர் தரங்கம்பாடிக்குப் போனார். அதே ஆண்டில் கல்கத்தா போய்ச் சேர்ந்து அங்கே மிஷன் வேலையைத் தொடங்கினார். எல்லைக் கோடு ஒரே வாரத்தில் மாறியதால் ஒரு ஊழியரின் மீதி வாழ்நாள் வேறொரு மாகாணத்தில் கழிந்தது.

வீராம்பட்டினத்தில் ஒரு கல்லூரி

உப்பளத்திலிருந்து தெற்கே அரியாங்குப்பம் ஆற்றைக் கடந்தால், கடலோரத்தில் வீராம்பட்டினம் இருக்கிறது. ஆடித் தேர்த் திருவிழாவுக்குப் பேர்போன மீனவர் கிராமம். சீனா, வியட்நாம், சயாம் நாட்டு மாணவர்கள் குருத்துவம் படித்த கல்லூரி ஒன்று அங்கே இருந்தது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

பாரிஸ் வெளிநாட்டு மிஷன் சபையார் 1665இல் சயாமின் தலைநகரான அயுத்தியாவில் அந்தக் கல்லூரியைத் தொடங்கினார்கள். ஆசிய நாடுகளின் சபைகளுக்கு அந்தந்த நாட்டாரையே குருக்களாக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். பர்மியர் சயாம்மீது படையெடுத்தபோது கல்லூரி அங்கிருந்து ஓடி, இன்றைய வியட்நாம், கம்போடியா எல்லையில் உள்ள ஹோன்தாத் என்னும் இடத்துக்கு வந்தது. அங்கே அதன் பொறுப்பில் இருந்த பினோ தெ பெஹேன் என்ற இளம் பிரெஞ்சுக் குரு 1768இல் கைதாகி, கழுத்தில் கனமான மரப்பலகை மாட்டப்பட்டுச் சிறையில் இருந்தார். 1769இன் இறுதியில் கொள்ளையர் கல்லூரியைத் தாக்கினர். உயிர் தப்பிய மாணவர்களுடன் மலாக்கா வழியாகக் கப்பலேறி, 1770இல் அவர்கள் புதுச்சேரி வந்தார்கள். வீராம்பட்டினத்தில் கல்லூரி மீண்டும் நடந்தது.

பினோ இங்கே காலத்தை வீணாக்கவில்லை. தம்மிடம் இருந்த வியட்நாம் மாணவர்களின் துணையோடு வியட்நாம், லத்தீன் அகராதி ஒன்றைத் தொகுத்தார். 1774இல் சென்னை மயிலாப்பூரில் அவருக்கு ஆயர் பட்டம் அளிக்கப்பட்டது. அதன்பின் அவர் மக்காவ் வழியாகத் தம்முடைய பணித்தளத்துக்குத் திரும்பினார். வீராம்பட்டினத்துக் கல்லூரி சில ஆண்டுகளுக்குப் பின் மூடப்பட்டாலும், 1808இல் பினாங்கில் மீண்டும் தொடங்கி இன்றளவும் அங்கே நடந்து வருகிறது.

வாசல் அடைபட்ட காலத்தில், வேறொரு நாட்டின் கரையில் தங்கியிருந்து, திரும்பிப் போகும் நாளுக்காக ஆயத்தம் செய்தார்கள். அந்தக் கரை நம்முடையதாக இருந்தது.

யுத்த காலத்தில் ஒரு பிரெஞ்சுக் குரு

அதே மிஷன் சபையைச் சேர்ந்த துபுவா என்னும் குரு 1792இல் பிரான்சிலிருந்து புறப்பட்டு வந்தார். அடுத்த ஆண்டே பிரிட்டனும் பிரான்சும் போரில் இறங்கின. 1793இல் புதுச்சேரி ஆங்கிலேயர் வசமாயிற்று. பகை நாட்டுக் குடிமகனான துபுவா, 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் மைசூர் நாட்டுக்குப் போய், ஆங்கில அதிகாரிகளின் அனுமதியோடு அங்குள்ள கிறிஸ்தவர்களிடையே பல ஆண்டு பணிபுரிந்தார்.

நமக்கு இதில் முக்கியமான செய்தி ஒன்று உண்டு. இங்கிலாந்தில் ஜென்னர் 1798இல் அறிவித்த அம்மைப்பால் 1802இல் பம்பாய்க்கு வந்து சேர்ந்தது. ஊசி குத்திக்கொள்ள மக்கள் அஞ்சிய அந்த ஆரம்ப நாட்களில், மைசூர்ப் பகுதியில் அம்மை குத்தும் வேலையை முன்னின்று நடத்தியவர்களில் துபுவாவும் ஒருவர். மக்களின் பாஷையும் பழக்கமும் தெரிந்த ஆள் என்பதால் அவர் சொல்லை ஜனங்கள் கேட்டார்கள். இரண்டு நாடுகள் ஒன்றையொன்று அழிக்கப் பார்த்த காலத்தில், ஒரு நாட்டானை மறு நாட்டார் தங்கள் எல்லைக்குள் விட்டுவைத்ததற்கு இப்படிப்பட்ட உபயோகமும் ஒரு காரணம் என்று எண்ண இடமுண்டு.

கம்பெனி அடைத்த வாசல்

ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனி, 1813 வரை தன் லைசென்ஸ் இல்லாமல் எவரும் தன் எல்லைக்குள் வந்து தங்குவதை விரும்பவில்லை. வில்லியம் கேரி 1793இல் லைசென்ஸ் இல்லாத காரணத்தால் ஆங்கிலக் கப்பலிலிருந்து இறக்கிவிடப்பட்டு, டேனிஷ் கப்பல் ஒன்றில் கல்கத்தா வந்தார். ஆறு ஆண்டுக்குப் பின் வந்த மார்ஷ்மன், வார்டு ஆகியோர் கம்பெனியின் எல்லைக்கு வெளியே, டேனிஷ் ஆட்சியில் இருந்த செராம்பூரில் தஞ்சம் புகுந்தார்கள். 1800 ஜனவரியில் கேரியும் அங்கே சேர்ந்தார். செராம்பூர் மிஷனுக்கு அந்த ஊர் அமைந்ததே விசாச் சிக்கலால்தான் என்று இன்றைய பாஷையில் சொல்லலாம்.

அமெரிக்காவிலிருந்து வந்த ஜட்சன் தம்பதியர் 1812 ஜூனில் கல்கத்தாவில் இறங்கியதும் நாட்டை விட்டு வெளியேற உத்தரவு வந்தது. அவர்கள் மொரீஷியஸ் தீவுக்குப் போனார்கள். அவர்களோடு அமெரிக்காவிலிருந்து புறப்பட்ட ஹேரியட் நியூவெல் என்னும் இளம் அம்மையார், அவர்களுக்கு முன்பே அந்தத் தீவுக்குப் போய் 1812 நவம்பரில் அங்கே மரித்திருந்தார். 1813 ஜூனில் ஜட்சன் தம்பதியர் சென்னைக்கு வந்தபோது, மீண்டும் பிடித்து இங்கிலாந்துக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பயம். உடனே புறப்பட இருந்த கப்பல் ரங்கூனுக்குப் போவது. அதில் ஏறினார்கள். பர்மிய மொழியில் வேதாகமம் உண்டானதற்குப் பின்னணியில் சென்னைத் துறைமுகத்தில் அந்த வாரம் நின்ற அந்தக் கப்பலும் இருக்கிறது.

அதே 1813இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, லைசென்ஸ் பெற்ற மிஷனரிகளுக்கு வழிவிட்டது. 1833இல் அந்த லைசென்சும் எடுபட்டது. ஆனால் இலங்கையில் வேறு அரசாங்கம், வேறு விதி. 1820இல் யாழ்ப்பாணத்துக்கு அச்சு வேலைக்காக வந்த ஜேம்ஸ் காரட் என்ற அமெரிக்கரை ஆளுநர் பார்ன்ஸ் தங்கவிடவில்லை. ஏற்கெனவே வந்திருந்த அமெரிக்க மிஷனரிகள் இருக்கலாம், புதிதாக யாரும் வரக்கூடாது என்று உத்தரவாயிற்று. பல ஆண்டுகள் அந்த வாசல் மூடியே இருந்தது. அந்த ஆண்டுகளில்தான், 1823இல், வட்டுக்கோட்டையில் தமிழ் வாலிபர்களுக்கான செமினரி உருவாயிற்று.

ஒரே மறைமாவட்டம், இரண்டு அரசாங்கங்கள்

உப்பளம் என்ற பேரே உப்பு விளைந்த இடத்தைச் சொல்கிறது. 1818இல் பிரிட்டிஷாரும் பிரெஞ்சுக்காரரும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி பிரெஞ்சுப் பகுதிகளில் உப்பு எடுப்பது நிறுத்தப்பட்டு, அதற்கு ஈடாக ஆண்டுக்கு 4,000 நட்சத்திர வராகன் கொடுக்கப்பட்டது. உப்புக்கே எல்லை இருந்த ஊரில் மனிதருக்கும் எல்லை இருந்தது. புதுச்சேரிப் பகுதி ஒரே துண்டாக இல்லாமல், பிரெஞ்சுக் கிராமமும் ஆங்கிலக் கிராமமும் மாறி மாறி வரும்படி அமைந்திருந்தது. வில்லியனூருக்கோ பாகூருக்கோ போகிறவர் வழியில் வேற்று நாட்டைத் தொட்டுச் செல்ல நேரிடும்.

சூசையப்பர் குளூனி சபைக் கன்னியர் 1827இல் புதுச்சேரிக்கு வந்தார்கள். அதற்குமுன் அவர்கள் பிரான்சுக்கு வெளியே ரியூனியன் தீவிலும் செனகாலிலும் பணி தொடங்கியிருந்தார்கள். பிரெஞ்சு நாட்டார் பிரெஞ்சு மண்ணுக்கு வந்ததால் நுழைவதில் தடை இல்லை. ஆனால் 1886இல் உயர்மறைமாவட்டமாக உயர்ந்த புதுச்சேரித் திருச்சபையின் பெரும்பகுதி கிறிஸ்தவர்கள் தென்னாற்காட்டில், அதாவது பிரிட்டிஷ் இந்தியாவில் இருந்தார்கள். பேராயர் இருப்பது ஒரு அரசாங்கத்தில், பங்குகள் இருப்பது இன்னொரு அரசாங்கத்தில். குரு தம் பங்கைப் பார்க்கப் போகும்போது சுங்கச் சாவடியைத் தாண்டித்தான் போக வேண்டும். இந்தியா விடுதலை அடைந்தபின், 1949இல் இரு பகுதிகளுக்கும் இடையே இருந்த சுங்க ஒப்பந்தம் முடிவுக்கு வந்ததும் எல்லைச் சோதனை இன்னும் கடினமாயிற்று. 1953இல் மறைமாவட்டத்தின் பேர் "புதுச்சேரி, கடலூர்" என்று மாறியபோது, எல்லைக்கு இருபுறமும் உள்ள சபை ஒன்றே என்பது பேரிலும் தெரிந்தது.

1954 அக்டோபர் 18ஆம் தேதி கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடினர். அவர்களில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தனர். நவம்பர் 1ஆம் தேதி ஆட்சி மாறியது. இருந்த இடத்தில் இருந்துகொண்டே பிரெஞ்சு மிஷனரிகள் அன்றுமுதல் அயல்நாட்டார் ஆனார்கள். 1955இல் இந்தியரான அம்புரோஸ் ராயப்பன் பேராயர் ஆனார். வீட்டை ஒப்படைக்க உள்நாட்டுக் குருக்கள் ஏற்கெனவே ஆயத்தமாக இருந்ததால் வேலை நின்றுபோகவில்லை.

1962 ஆகஸ்டு 16இல் சட்டப்படி இணைப்பு முடிந்ததும், பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்ற வாய்ப்பு வந்தது. ஒரே வீட்டில் அண்ணன் பிரெஞ்சுக் குடிமகன், தம்பி இந்தியக் குடிமகன் என்று ஆன குடும்பங்கள் இன்றும் நம் சபைகளில் இருக்கின்றன. இன்றைய விதிகளைச் சொல்லும்போது இவர்களைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பிரிவின் விலை

எல்லையைக் கடக்கும் ஊழியத்தில் குடும்பங்கள் கொடுத்த விலையையும் மறக்கலாகாது. கொல்லிமலையில் ஊழியம் செய்த பிராண்டு தம்பதியரின் மகன் பால் பிராண்டு 1914இல் அந்த மலையிலே பிறந்தார். 1923இல், ஒன்பது வயதில், படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். தகப்பனார் 1929இல் காய்ச்சலால் மலையிலே இறந்துபோனார். மகன் மறுபடி அவருடைய முகத்தைப் பார்க்கவே இல்லை. 1946இல் டாக்டராக வேலூருக்குத் திரும்பிய அந்த மகன்தான், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்தும் முறையை அங்கே வளர்த்தெடுத்தார். 1966இல் அவர் அமெரிக்காவுக்குப் போனார். அவர் கற்றுக்கொடுத்த வேலை வேலூரிலும் கரிகிரியிலும் நம்மவர் கையில் நின்றது.

எது நிலைத்தது?

யாழ்ப்பாணத்து மானிப்பாயில் 1848 முதல் வைத்தியம் செய்த அமெரிக்க டாக்டர் சாமுவேல் கிறீன், தாம் என்றும் அங்கே இருக்கப்போவதில்லை என்று அறிந்திருந்தார். மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, தமிழிலேயே பாடம் சொல்லி, அறுபதுக்கும் மேற்பட்ட வைத்தியர்களை உண்டாக்கினார். 1873இல் உடல்நலம் குன்றி ஊர் திரும்பியபோது, நோயாளிகளைப் பார்க்க அவருடைய மாணவர்கள் இருந்தார்கள்.

ராணிப்பேட்டையில் 1870இல் பிறந்த ஐடா ஸ்கடர் அம்மையாரின் பாட்டனார் ஜான் ஸ்கடர், அமெரிக்காவிலிருந்து 1819இல் புறப்பட்டு யாழ்ப்பாணம் பண்டத்தரிப்பில் வைத்தியம் தொடங்கியவர். அம்மையார் 1902இல் வேலூரில் ஆஸ்பத்திரி கட்டியதோடு நிற்கவில்லை. 1909இல் நர்சுகளுக்கும் 1918இல் பெண் வைத்தியர்களுக்கும் பள்ளி தொடங்கினார். விடுதலைக்குப் பின் ஹில்டா லாசரஸ் அம்மையார் அதன் முதல் இந்திய இயக்குநர் ஆனார். பின்னாளில் அயல்நாட்டு மிஷனரிகள் குறைந்தபோது வேலூர் மூடப்படாததற்கு அந்தப் பள்ளிகளே காரணம்.

ஒரு விசா மறுக்கப்பட்டால் எந்த ஆஸ்பத்திரி நின்றுவிடுகிறதோ, அது ஆபத்தான நிலையில் இருக்கிறது. வருகிறவர் கற்றுக்கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்பதைத்தான் மேலே சொன்ன வரலாறு எல்லாம் காட்டுகிறது.

இங்கே வருகிறவர்களுக்கு

இப்போது விதிகளுக்கு வருவோம். அயல்நாட்டார் வருகை, பதிவு பற்றிய பழைய சட்டங்களுக்குப் பதிலாக 2025 செப்டம்பர் 1 முதல் புதிய குடியேற்ற, அயல்நாட்டார் சட்டம் அமலில் இருக்கிறது. விதிகள் அடிக்கடி மாறுவதால், டிக்கெட் வாங்குமுன் இந்தியத் தூதரகத்தில் கேட்டறிவது அவசியம். பொதுவாக அறிய வேண்டியவை இவை:

1. சுற்றுலா விசாவில் வருகிறவர் ஆலயத்துக்குப் போகலாம், ஆராதனையில் கலந்துகொள்ளலாம். மேடை ஏறிப் பிரசங்கிப்பதும் சமயத் துண்டுப் பிரதி கொடுப்பதும் கூடாது. சம்பளமோ கைம்மாறோ இல்லாத சிறு தொண்டு ஒரு மாதத்துக்கு மேற்படாமல் செய்யலாம். மிஷன் பணிக்கென்றே வருகிறவருக்கு மிஷனரி விசா என்று தனிப் பிரிவு இருக்கிறது. மதமாற்றப் பணி அதிலும் அடங்காது.

2. தொண்டு வேறு, வைத்தியம் வேறு. அயல்நாட்டு டாக்டர் இங்கே நோயாளியைத் தொட்டுச் சிகிச்சை செய்ய, தேசிய மருத்துவ ஆணையத்தின் தற்காலிக அனுமதி வேண்டும். எந்த விசாவும் அதற்கு ஈடாகாது.

3. 180 நாளுக்கு மேற்பட்ட விசாவில் வந்து தங்குகிறவர், வந்த 14 நாளுக்குள் அயல்நாட்டார் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும்.

4. அயல்நாட்டாரைத் தங்கவைக்கும் விடுதியும் விருந்தினர் இல்லமும் 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். வீட்டில் தங்கவைக்கிறவர்களுக்கும் இது பொருந்தும். சபையார் அன்பினால் விருந்தாளியை அழைத்துப்போய்த் தங்கவைக்கும்போது இதை மறந்துவிடுகிறார்கள்.

5. பிரெஞ்சுப் பாஸ்போர்ட்டும் அயலக இந்தியக் குடிமக்கள் அட்டையும், அதாவது ஓ.சி.ஐ. அட்டையும், உள்ள நம் புதுச்சேரிச் சகோதரர்கள் விசா இல்லாமல் வந்து போகலாம். ஆனால் 2021 மார்ச்சில் வந்த அறிவிப்பின்படி, மிஷனரிப் பணி செய்ய அவர்களும் சிறப்பு அனுமதி பெற வேண்டும். "நான் பிறந்த ஊர்தானே" என்பது சட்டத்தில் எடுபடாது.

6. பணம் கொடுப்பதிலும் இதே வித்தியாசம் இருக்கிறது. அயல்நாட்டுக் குடிமகன் கொடுப்பது, ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும், ரூபாயாகவே இருந்தாலும், அயல்நாட்டு நன்கொடையாகவே எண்ணப்படும். அந்த நன்கொடை, பதிவு பெற்ற ஸ்தாபனத்தின் டெல்லி ஸ்டேட் பாங்கு கணக்குக்குள்தான் வர வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர் வெளிநாட்டில் வேலை செய்து தம் சொந்தச் சேமிப்பிலிருந்து கொடுப்பது அப்படி எண்ணப்படாது. ஆகவே விடைபெறும் நாளில் உறையில் வைத்துக் கொடுக்கும் அன்பளிப்பு, ஆஸ்பத்திரியைச் சங்கடத்தில் மாட்டிவிடலாம். பெட்டியில் மருந்து கொண்டுவருவதற்கும் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

இவற்றை மீறினால் வந்தவர் திருப்பி அனுப்பப்படலாம். மறுபடி வர முடியாமலும் போகலாம். அவர் விமானம் ஏறிவிடுவார். விளக்கம் சொல்ல நிற்பது ஆஸ்பத்திரி. அதன் பதிவு போனால் பாதிக்கப்படுவது வார்டில் படுத்திருக்கும் ஏழை நோயாளி.

இங்கிருந்து போகிறவர்களுக்கு

நேபாளத்துக்குப் போக இந்தியருக்கு விசா வேண்டியதில்லை. அதனால் பலர் அதைப் பக்கத்து மாவட்டம் போல நினைக்கிறார்கள். 2018 ஆகஸ்டு முதல் அமலில் இருக்கும் அந்நாட்டுத் தண்டனைச் சட்டத்தின்படி, ஒருவரை மதம் மாற்றுவதற்கு ஐந்து ஆண்டு வரை சிறையும் 50,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். வைத்தியம் செய்ய அந்நாட்டு மருத்துவக் கவுன்சிலின் பதிவும் வேண்டும். அங்கே மிஷன் ஆஸ்பத்திரிகள் 1950கள் முதல் அரசாங்கத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டு நோயாளிகளுக்குச் சேவை செய்து வருகின்றன. அந்த ஒப்பந்தத்துக்குள் போகிறவர் பாதுகாப்பாகப் போகிறார். தனியாகப் போகிறவர் தம்மோடு மற்றவர்களையும் ஆபத்தில் வைக்கிறார்.

இலங்கைக்குப் பார்வையாளராகப் போக இணையத்தில் அனுமதி பெறலாம். அங்கே தங்கிச் சபைப் பணி செய்வதற்கு வேறு வகை விசா. உறவுக்காரர் இருக்கிறார்கள் என்பதால் இரண்டையும் ஒன்றாக்கிவிடக் கூடாது.

ஆப்பிரிக்காவின் பல நாடுகளுக்குப் போகிறவர் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை, பயணத்துக்குக் குறைந்தது பத்து நாள் முன்பே, அரசு அங்கீகரித்த மையத்தில் போட்டுக்கொள்ள வேண்டும். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் அப்படிப்பட்ட ஒன்று. 2016 முதல் அந்தச் சான்றிதழ் ஆயுள் முழுவதும் செல்லும். அது இல்லாமல் அந்த நாடுகளிலிருந்து திரும்பினால், விமான நிலையத்திலிருந்தே ஆறு நாள் வரை தனிமையில் வைக்கப்படலாம்.

பாஸ்போர்ட்டில் குறைந்தது ஆறு மாத காலமாவது மீதி இருக்கிறதா, கல்விச் சான்றிதழ்களுக்கு அத்தாட்சி பெறப்பட்டதா, நோய்க்கும் விபத்துக்கும் இன்சூரன்ஸ் உண்டா, அவசரத்துக்குத் திரும்பும் டிக்கெட்டுக்கு யார் பொறுப்பு என்பவற்றை, அனுப்புகிற சபை எழுத்தில் வைத்துக்கொள்வது நல்லது. வழியனுப்பு ஆராதனையில் மாலை போடுவதைவிட இது முக்கியம்.

நாம் செய்யக்கூடியது

அன்பானவர்களே, விசாக் கட்டணம், பதிவுக் கட்டணம், அத்தாட்சிச் செலவு, காத்திருக்கும் மாதங்களின் பிழைப்பு ஆகியவற்றுக்குக் கொடுக்கப்படும் காணிக்கை, ஊழியத்துக்கே கொடுக்கப்படுகிறது. எக்ஸ்ரே கருவிக்குக் கொடுத்தால் அதில் பேர் பொறிக்கலாம், விசாவுக்குக் கொடுத்தால் எங்கே பொறிப்பது என்று ஒருவர் வேடிக்கையாகக் கேட்கலாம். வீராம்பட்டினத்து மாணவர்களுக்குக் கப்பல் கூலி கொடுத்தவர்களின் பேரும் நமக்குத் தெரியாது. அவர்கள் கொடுத்ததின் பலனைப் பினாங்கில் பார்க்கிறோம்.

வெளியிலிருந்து ஒருவர் நான்கு வாரம் வந்து போவதற்கு ஆகும் செலவைக் கணக்கிடும்போது, இங்கே ஒரு நர்சிங் மாணவியின் படிப்புக்கு என்ன ஆகும் என்பதையும் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். இரண்டும் தேவை. வருகிறவர் அந்த மாணவிக்கு எதையாவது கற்றுக்கொடுத்துவிட்டுப் போகும்படி திட்டமிட்டால் இரண்டு செலவும் ஒன்றையொன்று தாங்கும்.

ஜெபக் குறிப்புகள்

* விசாவுக்காகக் காத்திருக்கும் டாக்டர்கள், நர்சுகள் சோர்ந்துபோகாமல், அந்த நாட்களைப் பாஷை கற்கவும் ஆயத்தப்படவும் பயன்படுத்த.
* தூதரகங்களிலும் பதிவு அலுவலகங்களிலும் பணிபுரிவோர் நியாயமாகவும் விரைவாகவும் முடிவெடுக்க.
* பெற்றோரையும் பிள்ளைகளையும் விட்டுத் தூர தேசங்களில் பணிபுரியும் நம் தமிழ்ச் சகோதர சகோதரிகளுக்காக.
* மிஷன் ஆஸ்பத்திரிகளில் பயிற்சி பெறும் மாணவ மாணவியர், பொறுப்பு தங்கள் கைக்கு வரும் நாளில் ஆயத்தமாக இருக்க.

கர்த்தர் உங்களையும் உங்கள் குடும்பத்தாரையும் ஆசீர்வதிப்பாராக.